ஒன்றுக்கு நானூறு

போன மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். எட்டாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவன், இப்போது ஓசூரில் டிப்ளமோ படிக்கிறான். ஹாலில் குட்டி விமான மாடல்கள் நிற்கும் ஷோகேஸையே காபி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தவன், "டீச்சர், நானும் ரெண்டு மூணு சேர்க்கலாம்னு இருக்கேன். எந்த ஃப்ளைட்ல ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்டான். நான் யோசிக்கவே இல்லை. "ஃப்ளைட்டெல்லாம் அப்புறம். முதல்ல அளவை முடிவு பண்ணு. 1:400 மட்டும் வாங்கு, வேற எதையும் தொடாத" என்றேன். நிஜ விமானத்தை நானூற்றில் ஒரு பங்காகச் சுருக்கிய மாடல் என்று அர்த்தம். அவன் முகம் சுருங்கிவிட்டது. "சரி டீச்சர்" என்று சொல்லி, மீதிக் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டான். அவன் கேட்டது ஒன்று, நான் சொன்னது இன்னொன்று. அது எனக்கே தெரிந்தது. ஆனாலும் நான் சொன்னது தப்பில்லை, இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். உறுத்தியது வேறு விஷயம். நான் அப்படி ஆரம்பிக்கவில்லை. எனக்குத் தெரிந்து விமான மாடல் சேர்க்கும் எவருமே அளவில் ஆரம்பிக்கவில்லை. எல்லோருக்கும் ஏதோ ஒரு விமானம்தான் முதலில் வந்தது.

எனக்கு அது 1996இல் வந்தது. அப்போது நாங்கள் தருமபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆக இன்னும் எட்டு வருடம் இருந்தது. அண்ணன் ஏ.சி. மெக்கானிக் வேலைக்கு மஸ்கட் போகிறான். பெங்களூரிலிருந்து பம்பாய், அங்கிருந்து மஸ்கட். வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆள். பழைய எச்.ஏ.எல். விமான நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி, முருகேஷ்பாளையா பக்கம் ரோட்டோரமாக வேனை நிறுத்தி, அம்மா கட்டிக் கொண்டுவந்த புளிசாதத்தைப் பிரித்தோம். கையில் சோற்றோடு நிற்கும்போது தலைக்கு நேர் மேலே ஒன்று இறங்கி வந்தது. வெள்ளை உடம்பு, ஆரஞ்சு வால். இந்தியன் ஏர்லைன்ஸ். சத்தத்தில் சித்தி காதைப் பொத்திக்கொண்டாள். நான் வயிற்றுப் பக்கத்தைத்தான் பார்த்தேன். சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. முன்னால் இரண்டு. பின்னால் ஒவ்வொரு காலிலும் நான்கு நான்கு, லாரிக்கு இருப்பது போல முன்னும் பின்னுமாக. "அண்ணன் இதுலதான் போவப் போறான்" என்றார் அப்பா. எனக்கு வயது பதினொன்று. ரயிலே வராத ஊர்க்காரி, அதுவரை விமானம் என்றால் மாந்தோப்புக்கு மேலே வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். அதற்குக் கால் இருக்கும், காலில் லாரிக்கு இருப்பது போலச் சக்கரம் இருக்கும் என்பதையே அன்றுதான் பார்த்தேன்.

பத்தொன்பது வருடம் கழித்து, 2015இல், பெங்களூரில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் அதே ஆரஞ்சு வாலைப் பார்த்தேன். ஏர்பஸ் ஏ320, 1:200 அளவு. அதாவது நிஜ விமானத்தின் நீளத்தில் இருநூற்றில் ஒரு பங்கு. முப்பத்தேழரை மீட்டர் விமானம் பத்தொன்பது சென்டிமீட்டரில் என் கையில் இருந்தது. துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்தது என்பதால் பார்ப்பதைவிடக் கை கனத்தது. விலையைக் கேட்டு ஒருமுறை கீழே வைத்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து மேஜை விளக்கின் கீழே வைத்துத் திருப்பிப் பார்த்தபோதுதான் சக்கரத்தை எண்ணினேன். பின்னங்காலில் இரண்டிரண்டு. நான்கு இல்லை. அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அண்ணன் போன நாளில் மற்றதெல்லாம் கலங்கிப்போய்விட்டது, யார் அழுதார்கள், யார் என்ன சொன்னார்கள் எதுவும் சரியாக நினைவில் இல்லை. அந்தச் சக்கரம் ஒன்றுதான் அப்படியே இருந்தது. அதுவும் நானாகக் கற்பனை செய்துகொண்டதா? மறுநாள் பழைய புகைப்படங்களைத் தேடி எடுத்தேன். நினைவு சரிதான். உலகம் முழுக்க ஏ320க்குப் பின்னங்காலில் இரண்டு சக்கரம்தான். நம் ஊர் ஓடுபாதைகளில் பல அவ்வளவு கனத்தைத் தாங்காது என்பதால், எடையைப் பரப்புவதற்காக இந்தியன் ஏர்லைன்ஸ் மட்டும் காலுக்கு நான்கு சக்கரம் வைத்துக் கேட்டு வாங்கியது. மாடல் செய்கிறவர்கள் ஒரே மோல்டில் பத்து நிறுவனத்துக்கு விமானம் வார்த்து, பெயிண்ட்டை மட்டும் மாற்றுகிறார்கள். அதில் எங்கள் அண்ணன் போன விமானத்தின் சக்கரம் விட்டுப்போய்விட்டது.

அண்ணனிடம் காட்டினேன். அவன் 2011இலேயே திரும்பி வந்து காவேரிப்பட்டணத்தில் கடை வைத்திருக்கிறான். கையில் வாங்கி, வாலைத் தடவிப் பார்த்துவிட்டு, "சக்கரத்தை எங்க புள்ள பாத்தேன், அம்மா மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தேன்" என்றான். கீழே வைக்கும்போது மட்டும் சக்கரம் தரையில் சரியாக உட்காருகிறதா என்று குனிந்து பார்த்து வைத்தான்.

எது பெரிய ஃப்ளைட்?

ஒன்று வந்துவிட்டால் அது தனியாக நிற்காது. அடுத்த மூன்று வருடத்தில் எங்கே எது கிடைத்தாலும் வாங்கினேன். ஏர் இந்தியாவின் 747 ஜம்போ ஒன்று, ஜன்னல்களைச் சுற்றி ராஜஸ்தான் மாடங்கள் போலச் சிவப்பு வளைவுகள் தீட்டியது, அது 1:400. ஆன்லைனில் "16 செ.மீ. உலோக விமானம்" என்று போட்டு விற்ற இரண்டு, ஒன்று ஏ380, இன்னொன்று போயிங் 737. ஜெர்மன் தயாரிப்பு ஒன்று 1:500. என் ஷோகேஸ் நிறைந்துவந்தது. வருகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிரானைட் பாலிஷ் போடும் பட்டறை எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது, அதனால் வாரம் ஒருமுறை கண்ணாடியைத் திறந்து தூசி தட்டியே ஆக வேண்டும். எல்லாவற்றையும் எடுத்துப் பாயில் வரிசையாக வைத்திருந்தேன். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு, கன்னத்தைத் தரையோடு ஒட்டிவைத்து, விமானங்களின் மட்டத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, இதுல எது பெரிய ஃப்ளைட்?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "இதானே?" என்று மாமா போன விமானத்தைத் தொட்டாள்.

அவள் சொன்னது சரி. பாயில் இருந்ததிலேயே அதுதான் நீளம். பத்தொன்பது சென்டிமீட்டர். பக்கத்தில் 747, கிட்டத்தட்ட நானூறு பேரை ஏற்றிக்கொண்டு கடல் தாண்டிய விமானம், பதினெட்டுகூட இல்லாமல் நின்றது. எழுபது மீட்டர் விமானம் முப்பத்தேழு மீட்டர் விமானத்தைவிடச் சின்னது. இன்னும் மோசம் அந்தப் பதினாறு சென்டிமீட்டர் ஜோடி. எழுபத்திரண்டு மீட்டர் ஏ380யும் நாற்பது மீட்டர்கூட இல்லாத 737உம் அண்ணன் தம்பி போல ஒரே உயரத்தில் நின்றன. பெட்டிக்கு ஏற்ப விமானத்தைச் சுருக்கியிருக்கிறார்கள். ஒன்றை ஏறக்குறைய 1:450க்கு, இன்னொன்றை 1:250க்கு. நான் பல வருடமாக விகிதம் நடத்துகிறவள். வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் எவ்வளவு என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குக் கேள்வி கொடுக்கிறவள். என் வீட்டு ஹாலில், என் மகள் கண் முன்னால், மூன்று வருடமாகத் தப்பான விடையை அடுக்கி வைத்திருக்கிறேன்.

அவளிடம் "இல்ல கண்ணு, அது சின்னது, இதுதான் பெருசு" என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? கண்ணுக்கு முன்னால் இருப்பதைத்தானே அவள் பார்க்கிறாள். ஸ்கேலை எடுத்து, சாக்பீஸால் மொட்டை மாடியில் கோடு போட்டுக் காட்டலாம் என்று பார்த்தால், எங்கள் மாடி பன்னிரண்டு மீட்டர். ஏ320இன் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே முடிந்துவிட்டது. மீதிக்குத் தெருவுக்குப் போனோம். இரண்டு பேரும் டேப்பைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலிலிருந்து அளந்தோம். முப்பத்தேழரை மீட்டர் நான்காவது வீட்டு வேப்பமரம் வரை போனது. எழுபது மீட்டர் மளிகைக் கடையைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டி வரை போனது. அவள் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "இவ்ளோவா?" என்று கத்தினாள். வீட்டுக்கு வந்து இரண்டு மாடலையும் மறுபடி பார்த்தாள். "அப்ப இது பொய்ம்மா" என்றாள்.

ஷோகேஸ் இருபத்தைந்து சென்டிமீட்டர் ஆழம்

அளவு என்பது ஒரு மாடல் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதைப் பற்றியது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒரு விமானம் மட்டும் இருக்கும்வரை அளவுக்கு வேலையே இல்லை. இரண்டாவது விமானம் பக்கத்தில் வந்து நிற்கும்போதுதான் அது பேச ஆரம்பிக்கிறது. அதனால்தான் சேர்க்கிறவர்கள் ஒரே அளவைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்க அது பிடிவாதம் போலத் தெரியும்.

சரி, எந்த அளவு? எனக்கு அதை முடிவுசெய்தது ஷோகேஸ்தான். நம் வீட்டு ஹால் ஷோகேஸ் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி, நகரும் கண்ணாடி, உள்ளே இருபத்தைந்து சென்டிமீட்டர் ஆழம். 1:200இல் 747 முப்பத்தைந்து சென்டிமீட்டர் நீளம், இறக்கை முப்பத்திரண்டு. கண்ணாடியை மூட முடியாது, மூடாவிட்டால் எங்கள் ஊர்த் தூசி ஒரே வாரத்தில் வேலையைக் காட்டும். 1:500இல் எல்லாமே அடங்கும். இந்த அளவில் 1990களிலிருந்தே ஹெர்பா என்ற ஜெர்மன் நிறுவனம் செய்துவருகிறது. ஆனால் அதில் ஏ320 ஏழரை சென்டிமீட்டர்தான். விளக்கைப் போட்டு எட்டிப் பார்த்தால்தான் ஜன்னலே தெரியும் என் கண்ணுக்கு. நடுவில் 1:400. ஜெமினி ஜெட்ஸ், ஃபீனிக்ஸ், என்.ஜி., ஏரோகிளாசிக்ஸ் என்று இதில்தான் நிறையப் பேர் செய்கிறார்கள், அதனால் தேடினால் கிடைக்கும். இந்த அளவில் உலகத்திலேயே பெரிய பயணிகள் விமானமான ஏ380க்கு இறக்கை முனைக்கு முனை இருபது சென்டிமீட்டர். உள்ளே வைத்து இரண்டு பக்கமும் விரல் விடலாம். சின்ன ஏ.டி.ஆர். 72 ஏழு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கதவு எங்கே, ஜன்னல் எத்தனை, மூக்குக்குக் கீழே பெயர் என்ன என்று கண்ணாடி இல்லாமலே படிக்கலாம். அதுவும் இதுவும் ஒரே தட்டில், ஒரே கணக்கில் நிற்கும். இதற்காகத்தான் நான் அந்தப் பையனிடம் அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்.

மற்ற அளவில் இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டேன். பதினாறு சென்டிமீட்டர் ஜோடி பள்ளிக்கூடத்துக்குப் போனது, இப்போது அவற்றை வைத்துத்தான் ஏழாம் வகுப்புக்கு விகிதத்தில் என்ன தப்பு நடக்கலாம் என்று காட்டுகிறேன். 1:500ஐ பெங்களூரில் ஒருவர் வாங்கிக்கொண்டார். அண்ணனுடைய ஏ320ஐ மட்டும் கொடுக்க மனம் வரவில்லை. அது ஷோகேஸில் இல்லை, அண்ணனின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருக்கும் மேஜையில் தனியாக நிற்கிறது. தனியாக நிற்பதால் அது பொய் சொல்வதில்லை.

பிறகு வந்ததெல்லாம் மெதுவாக வந்தது. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70. இந்தக் குட்டி விமானங்களும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. அதனால் வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைப்பதை விட்டுவிட்டேன். ஊருக்குள்ளேயே ஏற்கெனவே வந்துவிட்டதைக் கைமாற்றி வாங்குகிறேன். வருடத்துக்கு மூன்று, அதிகம் போனால் நான்கு. ஐயாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் வருகிற ஒன்றை வாங்குவதற்கு முன்னால் பத்து நாள் யோசிக்க முடிகிறது என்பது நல்லதுதான். அந்தப் பத்து நாளில் அந்த விமானம் எங்கிருந்து எங்கே பறந்தது, பதிவெண் என்ன, இப்போது எங்கே இருக்கிறது என்றெல்லாம் படித்துவிடுகிறேன். பாதி சுகம் அதில்தான். முதலில் மூக்கைப் பார்ப்பேன். மூக்கின் சரிவு தப்பாக இருந்தால் முகமே வேறு ஆளாகிவிடும். அடுத்து இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் இடுக்கு தெரிகிறதா என்று பார்ப்பேன். மூன்றாவது, எனக்கு மட்டும் உரிய வழக்கம், சக்கரம். வீட்டுக்கு வந்தபின் எப்போதும் உடம்பைப் பிடித்துத்தான் தூக்குவேன், இறக்கையைப் பிடிக்கக் கூடாது. முதுகில் முள் போல நிற்கும் ஆன்டெனா ஒரு துணி பட்டாலே போய்விடும், அதனால் தூசிக்குக் கன்னத்துக்குப் பவுடர் போடும் மென்மையான பிரஷ். பெட்டியை எறிவதில்லை. மேற்கு ஜன்னல் வெயில் படுகிற இடத்தில் வெள்ளை மஞ்சளாகும், அதனால் அங்கே எதையும் வைப்பதில்லை.

இன்று அந்தத் தட்டில் நிற்பவற்றில் பாதிக்கு மேல் வானத்தில் இல்லை. கிங்ஃபிஷர் 2012இல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில், விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு கலந்தது. ஏர் இந்தியா தன் கடைசி 747களில் ஒன்றை 2024 ஏப்ரலில் மும்பையிலிருந்து அனுப்பிவைத்த காணொளியை மகளும் நானும் சேர்ந்துதான் பார்த்தோம். முருகேஷ்பாளையாவில் தலைக்கு மேலே இப்போது பயணிகள் விமானம் இறங்குவதில்லை, 2008 மே மாதத்தோடு எல்லாம் தேவனஹள்ளிக்குப் போய்விட்டது.

ஏ320க்கு ஒரு இடம் மட்டும் காலியாக இருக்கிறது. நான் கையில் எடுத்துப் பார்த்த 1:400 இந்தியன் ஏர்லைன்ஸ் எதிலும் காலுக்கு நான்கு சக்கரம் இல்லை. அந்த அளவில் ஒரு சக்கரம் மிளகைவிடச் சின்னது, யாருக்கும் தெரியாதுதான். எனக்குத் தெரியும். கிராஃப் தாளில் ஒன்பதரைக்கு எட்டரை சென்டிமீட்டர் என்று ஒரு செவ்வகம் வரைந்து, வெட்டி, 747க்கும் பிறகு வந்த 1:400 737க்கும் நடுவில் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் விலைச்சீட்டு என்று நினைக்கிறார்கள். மகள்தான் விளக்கம் சொல்கிறாள்.

அந்தத் தாளைத் துடைத்து வைக்கும்போதுதான் பையனுடைய சுருங்கிய முகம் ஞாபகத்துக்கு வந்தது. அவனுக்கு 1:400 என்பது வெறும் எண். எனக்கு அது எப்படி எண்ணாக இல்லாமல் போனது என்று யோசித்தால், பாயில் குப்புறப் படுத்த மகளும், அவளுக்கு முன்னால் புளிசாதத்தோடு நின்ற பதினொரு வயதுப் பெண்ணும் வந்து நிற்கிறார்கள். அந்த இரண்டையும் தாண்டிக் குதித்து, கடைசி வரியை மட்டும் அவன் நோட்டில் எழுதச் சொல்லிவிட்டேன். கணக்கு வாத்தியார் செய்யக் கூடாத வேலை.

போன வாரம் அவனைப் பால் பூத்தில் பார்த்தேன். "தம்பி, நீ முதல்ல ஏறுன ஃப்ளைட் எது?" என்று கேட்டேன். ஒரு நிமிடம் விழித்தான். "சேலத்துல இருந்து டீச்சர். 2018ல, தாத்தாவுக்கு ஆஸ்பத்திரிக்குச் சென்னை போனோம். ட்ரூஜெட். காத்தாடி வெச்ச ஃப்ளைட்டு. தாத்தா ஜன்னல் ஓரம், நான் பக்கத்துல." காமலாபுரத்தில் ஓடுபாதை ஓரத்தில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது, தாத்தா அதையே காட்டிக்கொண்டிருந்தார், காத்தாடி சுற்ற ஆரம்பித்ததும் கையைப் பிடித்துக்கொண்டார் என்று பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிக்கொண்டு போனான். அது ஏ.டி.ஆர். 72. அந்த நிறுவனமும் இப்போது இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொன்னேன். ஏ.டி.ஆர். 72இல் ஓர் அழகு இருக்கிறது, நீளம் இருபத்தேழு மீட்டர், இறக்கையும் இருபத்தேழு மீட்டர். 1:400இல் இரண்டும் ஆறு புள்ளி எட்டு சென்டிமீட்டர். கிராஃப் தாளில் ஒரு சதுரம் வரைந்து, உள்ளே உடம்பும் இறக்கையும் பென்சிலில் போட்டு, காத்தாடி இரண்டையும் வட்டமாகக் காட்டி, வெட்டிக் கொடுத்தேன். "இப்போதைக்கு எதுவும் வாங்காத. இதை உன் மேஜையில வெச்சுப் பாரு" என்றேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். கையை மூடினால் சதுரம் மறைந்துவிட்டது. ஷோகேஸைப் பார்த்தான், மறுபடி கையைப் பார்த்தான்.

"டீச்சர், இதே கணக்குல அந்த ஜம்போவையும் ஒண்ணு வரைஞ்சு குடுங்க. பக்கத்துல வெக்கணும்."

கிராஃப் நோட்டின் சின்னத் தாள் ஒன்றில் அடங்கவில்லை. இரண்டு தாளை ஒட்டினோம்.